நிமிர்த்தி வைத்ததால் தொங்கிப்போன ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன்

ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் என்பது காமிக்ஸ் ஓவியர் வரைந்த மூலப் பக்கங்களை அதே அளவில் அச்சிடும் புத்தகம். அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான ஐ.டி.டபிள்யூ 2010 முதல் போடும் இவற்றில் பெரும்பாலானவை 12×17 அங்குலம். 1960களின் பிற்பாதி வரை ஓவியர்கள் இன்னும் பெரிய அட்டையில் வரைந்ததால், அக்காலப் பக்கங்களுக்கு 15×22 அளவிலும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்கிறார்கள். நீலப் பென்சில் கோடு, வெள்ளை மை பூசிய திருத்தம், பழுத்த பசைக் கறை எல்லாம் தெரியும்.

சிக்கல் எடைதான். நிமிர்த்தி வைத்தால் தாள்கட்டு கீழே இறங்கி, மேல்மூலையில் அட்டையின் மடிப்பை இழுக்கும். என் பிரதியில் உள்ளே ஒட்டிய தாள் இரண்டு அங்குலம் விட்டுவிட்டது.

சரிசெய்ய அமிலமில்லாத பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசை போதும். செல்லோடேப் பக்கமே போகாதீர்கள், மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். மெல்லிய பின்னல் ஊசியில் பசையைத் தடவி, மடிப்பு இடுக்கில் விட்டுச் சுழற்ற வேண்டும். சொட்டு வழிந்தால் முதல் பக்கம் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் இடையில் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடவும்.

பிறகு படுக்கவைத்தே அடுக்குங்கள்: பெரியது அடியில், மேலே மூன்றுக்கு மிகாமல். வழக்கமான 12 அங்குல ஆழ அலமாரியில் விளிம்பு வெளியே நீட்டி வளையும். 18 மி.மீ. பிளைவுட்டில் 18 அங்குல ஆழத்துக்குத் தட்டு அடித்தேன். 15×22 புத்தகத்தை அதில் நீளவாக்கில் கிடத்தினால் அடங்கிவிடுகிறது.