பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உள்ளே ஆள் இருக்கலாம்

போன வாரம் எங்களுடைய வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஊழியர்கள் பலரும் அலுவலக மெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்த ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து தகவல் கசிந்திருக்கிறது. என்னிடம் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் இருவரை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "பதினாலு பேருக்கும் பாஸ்வேர்ட் மாத்தியாச்சு அண்ணா" என்றார்கள். "ஃபார்வர்டிங் பார்த்தீங்களா? ரெக்கவரி நம்பர்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரூரில் சின்ன அலுவலகங்களின் கணினிகளையும் மெயில்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதற்கு ஒருவர் பெரிய விலை கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

123456 என்று வைக்காதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

கசிந்த தளத்தில் மட்டும் மாற்றுவது

வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கசிவு நடந்தது 2012-ல். அப்போது வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம் பாஸ்வேர்ட்கள். 2016 மே மாதம் அதே கசிவிலிருந்து 11.7 கோடி மெயில் முகவரிகளும் பாஸ்வேர்ட்களும் விற்பனைக்கு வந்தன. நான்கு வருடம் அது யார் கையில் இருந்தது, எங்கெல்லாம் போனது என்று யாருக்கும் தெரியாது. இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே வேலையிலும் வைத்திருந்தார். 2012-ல் அந்த வழியாகத்தான் அங்கே ஆள் நுழைந்தார்கள். அங்கிருந்து சுமார் 6.8 கோடிக் கணக்குகளின் விவரம் போயிருந்தது 2016-ல்தான் தெரிய வந்தது.

கசிந்த பட்டியலை வாங்குகிறவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்லை. மெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு நிரலிடம் கொடுத்துவிடுவான். அது நூற்றுக்கணக்கான தளங்களில் அதே ஜோடியைப் போட்டுப் பார்க்கும். கடைசி எழுத்தை மாற்றுவது, 2023 என்பதை 2024 ஆக்குவது போன்ற நம் வழக்கங்களும் அந்த நிரலுக்குத் தெரியும். பிள்ளை பெயரோடு பிறந்த வருடம், வண்டி நம்பர் என்று வைக்கும் பழக்கம் இங்கே நிறைய. அப்படி ஒன்று கசிந்துவிட்டால் அதன் அண்ணன் தம்பிகள் எல்லாமே கசிந்ததாகத்தான் கணக்கு. அத்தனையும் மாற வேண்டும்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி பாஸ்வேர்டை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. பாஸ்வேர்ட்களை நமக்காகப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆப்தான் பாஸ்வேர்ட் மேனேஜர். பிட்வார்டன் போன்ற ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு அது சரிவராது என்றால், ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இருக்கிற திருடனுக்கு உங்கள் பீரோ எட்டாது.

பூட்டை மாற்றிவிட்டு, உள்ளே இருப்பவனை அப்படியே விடுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் செய்கிறவர்களைக் கூட விட்டுவிடலாம், இதையே தொழிலாகச் செய்கிறவர்களும் செய்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது. திரைச்சீலை, மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் என் வாடிக்கையாளர். சின்ன யூனிட், இருபது தையல் மெஷின். அவருடைய மெயிலுக்குள் யாரோ வந்து போன தடயம் இருந்தது. எப்போதோ ஒரு தளத்தில் கசிந்த பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் வைத்திருந்தார். நான் போய் நீளமான புது பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்து, "இனிமேல் பயமில்லை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஐரோப்பாவில் அவரிடம் சரக்கு வாங்கும் பையருக்கு ஒரு மெயில் போனது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த முறை பணத்தை இதில் அனுப்புங்கள்." அனுப்புநர் முகவரியில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். ஆர்டர் நம்பர், தொகை, கப்பல் ஏறிய தேதி எல்லாம் அச்சு அசலாக இருந்ததால் பையர் சந்தேகப்படவில்லை. பணம் போய்விட்டது. அந்த வருடத் தீபாவளி போனஸை அண்ணாச்சி வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தார்.

இத்தனை விவரம் எப்படிப் போனது? உள்ளே வந்தவன் முதல் நாளே மெயிலில் ஒரு ஃபில்டர், அதாவது வரும் மெயிலைத் தானாகப் பிரித்துக் கையாளும் விதி, போட்டு வைத்திருந்தான். இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொற்கள் வரும் மெயில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அவனுடைய முகவரிக்குப் போகும். பாஸ்வேர்டை மாற்றினால் ஃபில்டர் அழியாது. அவன் அதற்குப் பிறகு லாகின் செய்யவே இல்லை, செய்யத் தேவையும் இல்லை. செட்டிங்ஸில் ஃபில்டர் பக்கத்தை நான் அன்றே திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

கணக்கில் நுழைகிறவன் திரும்பி வருவதற்குச் சில கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவான். ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் அதில் ஒன்று. நகல் அனுப்புவதோடு நிற்காமல், வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மெயிலை நீங்கள் பார்க்கும் முன்பே குப்பைக்குத் தள்ளுகிற ஃபில்டரும் போடுவான். அடுத்தது ரெக்கவரி மொபைல் எண்ணும் மாற்று மெயிலும். அங்கே தன் எண்ணைச் சேர்த்துவிட்டால், நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்ட் மாற்றினாலும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்பதை அழுத்தி மறுநாளே உள்ளே வந்துவிடுவான்.

அப்புறம், ஏற்கெனவே லாகின் ஆகி இருக்கும் சாதனங்கள். பாஸ்வேர்ட் மாறினால் எல்லா இடத்திலும் தானாக வெளியே தள்ளிவிடும் என்று நம்புகிறார்கள். பல தளங்களில் அப்படி நடக்காது. சாதனங்களின் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் பட்டனை நாமே அழுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ், டெலிகிராமில் டிவைசஸ் என்று இருக்கும் இடம் இதுதான். கடைசியாக, மெயிலைப் படிக்க எப்போதோ அனுமதி கொடுத்த வெளி ஆப்கள், உங்கள் சார்பில் மெயில் பார்க்க அனுமதிக்கப்பட்ட பிற கணக்குகள். பெயர் தெரியாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இதில் வரிசையும் முக்கியம். கசிவுச் செய்தி கேட்டதும் பதறிப்போய் ஷாப்பிங், டிக்கெட், இன்சூரன்ஸ் என்று இருபது தளங்களில் பாஸ்வேர்ட் மாற்ற ஆரம்பிக்கிறார்கள். அந்த இருபது ரீசெட் லிங்கும் வந்து விழுவது உங்கள் மெயிலில். அங்கே திருட்டு ஃபில்டர் ஒன்று உயிரோடு இருந்தால், இருபதும் அவன் பெட்டிக்கும் போய்ச் சேரும். எந்தெந்தத் தளத்தில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்ற பட்டியலை நீங்களே அவனுக்குக் கொடுத்த மாதிரி.

ஆகவே முதலில் மெயில். வைரஸ் இல்லை என்று நம்பக்கூடிய கணினியில் உட்காருங்கள். ரெக்கவரி எண்ணையும் மாற்று மெயிலையும் சரிபாருங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, போன் கையில் இல்லாதபோது உதவும் பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள், ஃபார்வர்டிங், ஃபில்டர், ஆப் அனுமதிகளைப் பாருங்கள். இவை ஒரே மூச்சில் நடக்க வேண்டும். பாதியில் விட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அது முடிந்த பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை.

கசிவு பற்றி வந்த மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடுவது

தொடாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

கண்ட தளத்தில் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பது

கசிந்ததா என்று பார்க்க, டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும், எந்தெந்தக் கசிவில் அது வந்திருக்கிறது என்று சொல்லும். மெயிலும் பாஸ்வேர்டும் இரண்டையும் சேர்த்துக் கேட்கும் "சோதனை" தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

மாதாமாதம் மாற்ற வைப்பது

இதை விதியாகப் போடும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்தது தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசியில் 1, 2, 3 சேர்ப்பார்கள். நான் பார்த்த அலுவலகங்களில் வேறு மாதிரி நடந்ததில்லை.

எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கிறதே என்று இருப்பது

கசிவில் போவது பெயர், மொபைல் எண், பிறந்த தேதி, முகவரி. உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் கேட்கிறவனுக்கு வேண்டியதும் அதேதான். அந்த சிம் கிடைத்துவிட்டால் உங்கள் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். பெரும்பாலான வங்கிகளில் இன்னும் எஸ்எம்எஸ்தான் வழி, அதில் நமக்குத் தேர்வு குறைவு. மெயிலுக்குத் தேர்வு இருக்கிறது. போனிலேயே குறியீட்டை உருவாக்கும் அத்தென்டிகேட்டர் ஆப், அல்லது பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனின் பூட்டைத் திறந்தே நுழைய வைக்கும் பாஸ்கீ போடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் டவர் இருந்து உங்கள் போனில் மட்டும் திடீரென்று சிக்னல் போனால், காத்திருக்காமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

மாற்ற முடியாதவை கசிந்ததை மறந்துவிடுவது

பாஸ்வேர்டை மாற்றலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது. 2024-ல் ஸ்டார் ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பாலிசி விவரங்களும் மருத்துவ ஆவணங்களும் டெலிகிராம் பாட்கள் (கேட்டால் தானாகப் பதில் தரும் நிரல்கள்) வழியாக வெளியே கிடைத்தன. இப்படி ஒரு கசிவுக்குப் பிறகு, உங்கள் பாலிசி எண்ணையும் நடந்த ஆபரேஷனையும் சரியாகச் சொல்லி ஒருவர் போன் செய்தால், அவர் கம்பெனி ஆள்தான் என்பதற்கு அது சான்று ஆகாது. வீட்டில் பெரியவர்களிடம் இதை உட்கார்ந்து சொல்லுங்கள். ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, பூட்டிவிடுங்கள். "அம்மாவின் ஊர் எது" போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கொடுக்கவே வேண்டாம். எதையாவது எழுதி, அதையும் பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போன பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு உட்காருவது

உடனே சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். வங்கியின் மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் வேறிடத்தில் நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு அந்த இழப்பில் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டிருக்கிறது. தாமதமாகத் தாமதமாக அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும்.

தம்பிகள் இருவரையும் மறுநாள் அதே அலுவலகத்துக்குத் திரும்ப அனுப்பினேன். சாயங்காலம் பெரியவன் போன் செய்தான். பதின்மூன்று கணக்கில் ஒன்றும் இல்லை. பதினான்காவது, கணக்குப் பிரிவு மெயில். அதன் ரெக்கவரி எண், இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன ஒருவருடையது. இத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. "எடுத்துட்டேன் அண்ணா, எல்லா டிவைஸ்லயும் வெளியே தள்ளிட்டேன். இனிமே ஃபில்டர் பார்க்கணும்" என்று சொல்லி, போனை வைத்துவிட்டான்.