பிள்ளைக்குக் காய்ச்சல் 103: போத்தலைத் திறக்கமுன் தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தால் வீட்டில் எல்லாருடைய கையும் முதலில் போவது பரசிற்றமோல் போத்தலுக்குத்தான். அதற்கு முன் ஒரு நிமிட வேலை இருக்கிறது. ஒரு கொப்பியில் இன்றைய திகதியையும், காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனையாம் நாள் காய்ச்சல்?" என்பதுதான். அங்கே அம்மா "நேற்று" என்பார், அம்மம்மா "இல்லை, முந்தநாள் பின்னேரமே சுட்டது" என்பார். டெங்கு இருக்கும் ஊரில் அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம். தேர்மோமீற்றர் காட்டும் இலக்கத்தை விட இந்த நாள் கணக்கு முக்கியமானது என்பதால்தான் அதை முதலில் சொல்கிறோம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 பாகை பரனைற் (38 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மருந்து கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி. அந்த வயதில் கிருமி இரத்தத்தில் கலந்திருந்தாலும் காய்ச்சலைத் தவிர வேறு குணங்குறி தெரியாமல் இருக்கலாம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 102.2 (39 செல்சியஸ்) வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

அளப்பது

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. டிஜிற்றல் தேர்மோமீற்றர் ஒன்று போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்து, நுனி தோலோடு ஒட்டியிருக்கும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்து, சத்தம் வரும் வரை பிடியுங்கள். சட்டைத் துணி இடையில் சிக்கினால் குறைத்துக் காட்டும். அக்குளில் எடுப்பது உடம்பின் உண்மையான சூட்டை விட ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ், அதாவது ஒரு பாகை பரனைற் அளவு குறைவாக இருக்கும். நீங்கள் கூட்டிச் சொல்ல வேண்டாம். "அக்குளில் எடுத்தது" என்று மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சீற் கூரை வீட்டுக்குள் மத்தியானம் அடுப்படி போல இருக்கும். அந்த வெக்கையில் தொப்பி, சொக்ஸ், துவாய் எல்லாம் சுற்றிய கைக்குழந்தைக்கு 99.5, 100 என்று காட்டுவது வியப்பில்லை. சுற்றியதை அவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் இருபது நிமிடம் வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் அது வெக்கை. இறங்காவிட்டால் காய்ச்சல். பல் முளைப்பதால் 102 வராது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல்கள் நாட்கணக்கில் தவறவிடப்படுகின்றன. சளி, இருமல், வயிற்றோட்டம் ஒன்றுமில்லாமல் காய்ச்சல் மட்டும் காயும் பிள்ளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களாகவே கேளுங்கள்.

மருந்து: வயதைப் பார்க்க வேண்டாம், நிறையைப் பாருங்கள்

பரசிற்றமோல் அளவு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. நிறை கிளினிக் கொப்பியின் வளர்ச்சி வரைபடத்தில் இருக்கும். அது பழையது என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி ஒரு தடவை, தனியாக ஏறி ஒரு தடவை நிறுத்துக் கழியுங்கள்.

இனிப் போத்தலைத் திருப்பி லேபலைப் பாருங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்கான பாணி வழக்கமாக 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். அதற்குக் கணக்கு லேசு: நிறையை 0.6 ஆல் பெருக்குங்கள். 8 கிலோவுக்கு ஏறத்தாழ 5 மி.லீ., 10 கிலோவுக்கு 6, 15 கிலோவுக்கு 9. லேபலில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் 0.3 ஆல் பெருக்க வேண்டும். அதே 10 கிலோப் பிள்ளைக்கு 3 மி.லீ. மட்டும். கைக்குழந்தைகளுக்கான துளி மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதைப் பாணி என்று நினைத்து ஒரு கரண்டி (5 மி.லீ.) ஊற்றினால் 500 மில்லிகிராம், அதாவது பெரிய ஆள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை. அப்படி நடந்துவிட்டால் பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரலுக்கு வரும் பாதிப்பு முதல் நாள் வெளியில் தெரியாது.

தேநீர்க் கரண்டியால் அளக்க வேண்டாம். ஒரே வீட்டுக் கரண்டிகளில் ஒன்று 3 மி.லீ. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். பார்மசியில் ஊசி இல்லாத 5 மி.லீ. சிறிஞ்ச் வாங்கி, போத்தலைக் குலுக்கி, உறிஞ்சி, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்துத் தொண்டைக்குள் ஊற்றினால் புரைக்கேறும். மருந்து கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் முழுவதையும் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் அடுத்த நேரம் வரை பொறுங்கள். தடிமனுக்கு வாங்கிய பாணியிலும் பரசிற்றமோல் கலந்திருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிக்கும். போன தடவை மிஞ்சிய அன்ரிபயோற்றிக் பாணியைக் குப்பையில் போடுங்கள்.

"மருந்து குடுத்தும் இறங்கேல்லை" என்ற பதற்றம் அநேகமாக அவசரத்தால் வருவது. பரசிற்றமோல் வேலை செய்யத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகும். முழு வேலையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரியும். அது இறக்குவதும் ஏறக்குறைய இரண்டு, இரண்டரைப் பாகை பரனைற் தான். 104 இருந்தது 102 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். 98.4 வரும் வரை துரத்திக்கொண்டிருந்தால்தான் இரண்டு மணிக்கு ஒரு தடவை பாணியும், பிறகு ஆசனவாயில் வைக்கும் டைக்ளோபெனாக் மருந்தும் என்று போய் முடியும். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகிய எதையும் டெங்கு இல்லை என்று வைத்தியர் சொல்லும் வரை தொடக்கூடாது. வயிற்றுக்குள் இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பார்மசியில் "காய்ச்சலுக்கு நல்லது" என்று எதையாவது நீட்டினால் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உடம்பு துடைப்பது

முதலில் மருந்து, அரை மணி கழித்துத்தான் துணி. கிணற்றுத் தண்ணீர், ஐஸ் தண்ணீர், ஓடிக்கொலோன், வினாகிரி எதுவும் வேண்டாம். மணிக்கட்டின் உட்பக்கத்தில் விட்டுப் பார்த்தால் குளிரும் தெரியாத, சூடும் தெரியாத வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று பத்து நிமிடம் துடைத்தால் போதும். பிள்ளை நடுங்கினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். நடுங்கும் தசை சூட்டை உண்டாக்கும். நீங்கள் இறக்குவதை உடம்பு ஏற்றும். உண்மையில் இது பிள்ளையின் அந்தரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பிள்ளை அழுது எதிர்த்தால் விட்டுவிடலாம், நட்டமில்லை. மெல்லிய பருத்திச் சட்டை, மெதுவாகச் சுழலும் ஃபான், திறந்த யன்னல் போதும்.

குடிக்கக் கொடுப்பது

10 கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு லீற்றர், 15 கிலோப் பிள்ளைக்கு ஒன்றேகால் லீற்றர். பால், கஞ்சி, சூப் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடக்கம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே அடிக்கடி கொடுங்கள். மற்றவர்களுக்குச் செவ்விளநீர், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, தோடம்பழச் சாறு, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்). வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறையும். ஜீவனிப் பைக்கற்றைப் பாதியாகப் பிரித்துக் கலக்க வேண்டாம். பைக்கற்றில் எழுதியுள்ள அளவு ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரைத்து, 24 மணித்தியாலம் தாண்டியதும் ஊற்றிவிடுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கரண்டி. கிளாஸோடு கொடுத்தால் கிளாஸோடு திரும்பி வரும்.

கொத்தமல்லித் தண்ணீர், பிளேன்ரீ, மைலோ, சிவப்புச் சர்பத் ஆகியவற்றை இந்த நாட்களில் தவிர்ப்பது நல்லது. அவற்றில் நஞ்சு ஒன்றும் இல்லை. பிள்ளை வாந்தி எடுக்கும்போது அந்தக் கபில நிறம் குடித்ததா இரத்தமா என்று வைத்தியருக்கும் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாறு கசந்து வாந்தியைத்தான் கூட்டும். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, சலம் குறையக்கூடாது. பம்பர்ஸ் கட்டினால் எத்தனை தடவை போனது என்று தெரியாது, பகலில் கழற்றிவிடுங்கள். ஆறு மணித்தியாலம் சலம் போகாத பிள்ளை ஆஸ்பத்திரிக்குரிய பிள்ளை.

வலிப்பு வந்தால்

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வரும். கண் மேலே செருகும், உடம்பு விறைத்துப் பிறகு வெட்டும், உதடு நீலம் பாயும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நிற்கும். பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைக் கழற்றி, ஃபோனில் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். கையில் இரும்புச் சாவி கொடுப்பது வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் கரண்டி நுழைத்தால் பல் உடையும். மருந்தோ தண்ணீரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். ஐந்து நிமிடம் தாண்டினால், ஒரு பக்கம் மட்டும் வெட்டினால், அதே நாளில் இரண்டாம் தடவை வந்தால், நின்ற பிறகும் தெளியாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். முதல் தடவை வரும் வலிப்பு சீக்கிரம் நின்றாலும் பிள்ளையைக் காட்டியே ஆக வேண்டும். நேரத்துக்குப் பரசிற்றமோல் கொடுத்திருந்தால் வந்திராது என்று தாயைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அந்த மருந்து காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் காணப்படவில்லை.

மூன்றாம் நாள்

2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பது திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் பதிவானவர்கள் 186,000க்கும் மேல். வாடைக்கால மழை தொடங்கியதிலிருந்து தை, மாசி வரைக்கும் வரும் காய்ச்சலை வேறு என்று தெரியும் வரை டெங்கு என்றே வைத்துக்கொள்வது புத்தி. மூன்றாம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தடவை காட்டும்போதே எடுப்பார்கள். ஒரு ரிப்போட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது. நேற்றைய வெள்ளணுவும் பிளேட்லெட்டும் (இரத்தம் உறைய உதவும் அணு) இன்று எங்கே நிற்கின்றன என்பதுதான் கதை. பழைய ரிப்போட்டுகளை எறியாதீர்கள். பிளேட்லெட் 100,000க்குக் கீழே வந்தால் வார்ட்டில் வைத்துப் பார்ப்பார்கள்.

டெங்குவின் சூட்சுமம் இதுதான்: ஆபத்து தொடங்குவது காய்ச்சல் விடும்போது. மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் நாளில் உடம்பு குளிர்ந்ததும் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அப்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம் பிள்ளையை விட்டு அகலாதீர்கள். காய்ச்சல் விட்ட பிள்ளை எழும்பி விளையாட வேண்டும், பசிக்குது என்று கேட்க வேண்டும். சோர்ந்து கிடந்தால் அது சுகம் இல்லை.

கை கால் குளிர்வதிலும் இரண்டு விதம் உண்டு. காய்ச்சல் ஏறும்போது கை குளிரும், பிள்ளை நடுங்கும், அரை மணியில் 103 காட்டும். மற்றது காய்ச்சல் இல்லாமல் குளிர்வது. பிள்ளையின் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, விரல் நகத்தை ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். மூன்று, நான்கு என்று இழுத்தால் உடனே 1990. ஓயாத வயிற்று வலி, நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத அந்தரம் இருந்தாலும் விடியும் வரை பார்த்திருக்கக்கூடாது.

டெங்கு இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டியவை உண்டு. எழுப்பினால் எழும்பாத பிள்ளை, கழுத்தை வளைக்க முடியாத பிள்ளை, கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். மூச்சை ஒரு முழு நிமிடம், பிள்ளை அழாத நேரத்தில் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ நியூமோனியாவாக இருக்கலாம். அண்மையில் இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடு எதற்குமோ போய் வந்திருந்தால் அதைச் சொல்ல மறக்க வேண்டாம். இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் சான்று கிடைத்ததிலிருந்து அது வைத்தியரின் நினைவுக்கு உடனே வராமல் போகலாம்.

புறப்படும்போது

புல்மோட்டை, வெருகல், ஈச்சிலம்பற்று என்று தூரத்தில் இருப்பவர்கள் மூன்றாம் நாள் காலையிலேயே புறப்படுவது நல்லது. இரவு பதினொரு மணிக்கு வாகனம் தேடும்போது தூரம் இரட்டிப்பாகத் தெரியும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆஸ்பத்திரிகளில் முதலில் காட்டினாலும் தேவை என்றால் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள். 1990க்குத் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. வீட்டு இலக்கத்தோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளிவாசலையோ பாடசாலையையோ சொல்லுங்கள். ஓதிப் பார்ப்பது, நூல் கட்டுவது இருந்தால் போகும் வழியில் செய்யுங்கள். அதற்காகப் பயணத்தைப் பிந்த விடாதீர்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, கொடுத்த மருந்துப் போத்தல்கள், இரத்த ரிப்போட்டுகள், நேரமும் சூடும் சலமும் எழுதிய அந்தக் கொப்பி, மாற்றுச் சட்டை, சிறிஞ்ச். வார்ட்டில் சேர்த்த பிறகு குடிக்கக் கொடுக்கும் கணக்கு உங்களுடையது இல்லை. டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் அவர்கள் மணித்தியாலத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று அளந்துதான் விடுவார்கள். பார்க்க வந்த மாமி பாசத்தோடு ஊற்றும் இரண்டு செவ்விளநீர் நெஞ்சில் நீர் கட்ட வைக்கும். யார் எதைக் கொடுத்தாலும் முதலில் நேர்ஸிடம் கேட்டு, கொடுத்ததைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.