பழைய மேக்னம் ரிவால்வர்கள்: வாங்குவோரும் சுடுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1935-ஆம் ஆண்டில், வழக்கமானவற்றைவிட ஆற்றல் மிகுந்த .357 மேக்னம் தோட்டாவுக்கான ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து இன்னும் மீண்டிருக்கவில்லை. அந்த நெருக்கடியிலும், வாங்குபவர் கேட்ட நீளத்தில் குழலும் விரும்பிய வடிவில் கைப்பிடியும் பொருத்தி, அவர் பெயரிலேயே பதிவுச் சான்றும் அளித்து விற்கப்பட்ட அந்த 'ரெஜிஸ்டர்ட் மேக்னம்' துப்பாக்கிகளைத் தேடி வாங்க ஆட்கள் இருந்தார்கள். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1955-இல், கோல்ட் நிறுவனத்தின் பைத்தானும், பின்னாளில் மாடல் 19 என்று எண்ணிடப்பட்ட, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் காம்பாட் மேக்னமும் வந்தன. ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்ததன் பயனாக .44 மேக்னமும் அடுத்த சில மாதங்களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது.

அமெரிக்கக் காவல் துறைகள் 1980-களிலும் 90-களிலும் தானியங்கி வகைக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறிவிட்டன. அதன் பிறகும் இந்த ரிவால்வர்களின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாகங்களை அரத்தாலும் உரைகல்லாலும் தேய்த்து, ஒன்றோடொன்று இசையும்வரை கையால் பொருத்திய தொழிலாளர்களின் நேர்த்தியை, விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே விரல் உணர்ந்துகொள்கிறது. இவற்றின் மீதான பற்று குறையாமல் இருப்பதற்கு முதற்காரணம் அதுவே என்பது என் எண்ணம். ஆனால் 'மேக்னம்' என்ற பெயரைக் கேட்டதும், தோட்டாவின் வலிமையைத் துப்பாக்கியின் வலிமையாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தவறான எண்ணத்திலிருந்து கிளைத்தவை.

மாடல் 19-ஐயே எடுத்துக்கொள்வோம். எல்லைக் காவல் படை அதிகாரியாக இருந்த பில் ஜோர்டன் போன்றோர், நாள் முழுவதும் இடுப்பில் சுமக்கத் தோதான, நடுத்தர அளவுள்ள கே-ஃபிரேமில் (ஃபிரேம் என்பது துப்பாக்கியின் உடற்சட்டம்) ஒரு .357 ரிவால்வர் வேண்டும் என்று கேட்டதன் விளைவாகப் பிறந்தது அது. பயிற்சிக்கு மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாக்களையும் பணியின்போது மட்டும் மேக்னம் தோட்டாக்களையும் பயன்படுத்துவதே அக்கால வழக்கம். பிற்காலத்தில் காவல் துறைகள் பயிற்சியையும் முழு ஆற்றல் தோட்டாக்களைக் கொண்டே நடத்தத் தொடங்கியபோது பலவீனம் வெளிப்பட்டது. தோட்டா அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டரைத் தாங்கும், 'கை' எனப்படும் பாகத்துக்கு இடம் விடுவதற்காக, குழலின் பின்வாயின் அடிப்பகுதி தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த மெலிந்த இடத்தில்தான் விரிசல் விழுந்தது. குறிப்பாக, 125 கிரெய்ன் எடையுள்ள இலேசான குண்டுகளை மிகுந்த வேகத்தில் செலுத்தும் தோட்டாக்கள் இதற்குப் பேர்போனவை. இந்தக் குறையைத் தீர்க்கவே 1980-களின் தொடக்கத்தில் சற்றுப் பெரிய எல்-ஃபிரேமில் 586, 686 மாடல்கள் வந்தன. ஆகவே, பழைய மாடல் 19 ஒன்றை வாங்கியவர் வாரந்தோறும் அதில் 125 கிரெய்ன் மேக்னம் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாகச் சுட்டுத் தீர்ப்பது, மாற்றுக் குழல் எளிதில் கிடைக்காத ஒரு பொருளைத் தெரிந்தே அழிப்பதாகும். மேக்னத்தைச் சுட்டே ஆக வேண்டும் என்றால் 158 கிரெய்ன் குண்டுள்ள தோட்டாவை அளவோடு பயன்படுத்தலாம். நிறையச் சுட விரும்புவோர் பெரிய என்-ஃபிரேமைச் சேர்ந்த மாடல் 27-ஐயோ 686-ஐயோ நாடுவது நல்லது.

.44 மேக்னத்துக்கான மாடல் 29 பெரிய ஃபிரேமில் அமைந்தது என்றாலும், அதற்கும் எல்லை உண்டு. உலோக உருவங்களைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்தும் சில்லுவெட் போட்டிகளில் கனமான தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் செலுத்தியவர்களின் கைகளில், உதைப்பின் வேகத்தால் சிலிண்டர் பூட்டு விடுபட்டுப் பின்னோக்கிச் சுழலும் சிக்கல் தலைகாட்டியது. நிறுவனம் 1980-களின் இறுதியில் உட்பாகங்களைத் திருத்தி வலுப்படுத்தியது. அந்தத் திருத்தத்துக்கு முந்தைய துப்பாக்கியை வைத்திருப்போர், வேட்டைக்கென்று இன்று விற்கப்படும் மிகக் கனமான தோட்டாக்களைத் தவிர்த்துவிட வேண்டும். ரூகர் ரெட்ஹாக் போன்ற தடித்த துப்பாக்கிகள் அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை.

அடுத்து, வாங்கும்போது நேரும் தவறுகள். பளபளப்பில் மயங்கி, இயக்கத்தைச் சோதிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுவதே இவற்றில் முதன்மையானது. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு விற்பவரின் அனுமதியோடு, இடக்கைக் கட்டை விரலைச் சிலிண்டரின் மீது மிக இலேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி முழுதாகப் பின்சென்று நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஓர் அறையில் மட்டும் பூட்டு தாமதமாகலாம், அல்லது பூட்டாமலே போகலாம். சுத்தி பின்னால் நிற்கும்போது விசையைத் தொடாமல் சுத்தியைக் கட்டை விரலால் மிதமாக முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அது விடுபட்டு விழுந்தால், யாரோ உள்ளே அரத்தை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்று பொருள். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்பதையும், குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா என்பதையும் சிறு விளக்கொளியில் பார்க்க வேண்டும். பின்வாய்க்கு மேலே செல்லும் ஃபிரேமின் மேற்பட்டையின் அடிப்புறத்தில் நெருப்பு அரித்த மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம். மேக்னம் சுட்ட துப்பாக்கிகளில் அது இயல்பு, ஓர் ஆழத்துக்கு மேல் பெரும்பாலும் வளர்வதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய பைத்தானில் விசையை முழுதாக இழுத்துப் பிடித்த நிலையில் சிலிண்டர் துளியும் அசையாது. கோல்ட் நிறுவனத்தின் பழைய அமைப்பே அப்படிப்பட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அந்நிலையில் சிறு அசைவு இருப்பது குறையன்று. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்து, நல்ல மாடல் 27-ஐத் தேய்ந்தது என்று ஒதுக்குவோரும், தளர்ந்துபோன பைத்தானை நல்லது என்று நம்பி வாங்குவோரும் இருக்கிறார்கள். இரண்டாவது தவறுதான் அதிகச் செலவு வைக்கும். பைத்தானின் இறுக்கமான பூட்டு, சிலிண்டரைச் சுழற்றும் பாகத்தின் தேய்மானத்தோடு சேர்ந்து தளரும் தன்மையது. அதைச் சரியாகத் திருத்தத் தெரிந்த துப்பாக்கிக் கம்மியர்கள் மிகச் சிலரே, அவர்களுக்கும் வயதாகிவிட்டது. 2020-இல் மீண்டும் வெளியான பைத்தானின் உள்ளமைப்பே வேறு என்பதால், அதன் பாகங்கள் பழையதற்கு உதவமாட்டா.

மங்கிப்போன துப்பாக்கிக்கு மீண்டும் நீல மெருகு ஏற்றுவதைப் பலர் மரியாதை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதைப்போல் வருத்தம் தரும் தவறு வேறில்லை. பைத்தானின் ஆழ்ந்த நீலம், உலோகத்தை நுண்மையான பல கட்டங்களில் கையால் மெருகேற்றியதன் பயன். அதன் மேல் மீண்டும் சக்கரத்தை ஓட்டினால் விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்துபோகும், பொறித்த எழுத்துகள் கரைந்ததுபோல் தெரியும். வாங்குவோர் உற்றுப் பார்க்க வேண்டிய அடையாளங்களும் இவையே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளில் சுத்தியும் விசையும் தொழிற்சாலையில் பல வண்ணச் சாயல் படியக் கடினப்படுத்தப்பட்டவை. அவையும் சேர்ந்து நீலமாக இருந்தால், வேறொருவர் கை பட்டிருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. உறை உரசி முனையில் மெருகு தேய்ந்த நேர்மையான துப்பாக்கி, தவறாகப் புதுப்பித்த துப்பாக்கியைவிட எப்போதும் மேலானது. பழைய கைப்பிடிக்குப் பதிலாக ரப்பர் கைப்பிடி போட்டுச் சுடுவதில் தவறில்லை. கழற்றிய மரக் கைப்பிடியைத் தொலைக்காமல் எடுத்து வைத்தால் போதும்.

திருகுகளின் தலைகளைச் சிதைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. வீட்டில் கிடக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிவாக இருக்கும். துப்பாக்கித் திருகின் பள்ளமோ நேர்ச் சுவர்கள் கொண்டது. இரண்டும் பொருந்தாததால் முனை நழுவி, பள்ளத்தின் ஓரத்தைப் பிய்த்துவிடுகிறது. உட்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அதன் இடுக்கில் எதையும் நுழைத்து நெம்பக் கூடாது. திருகுகளை எடுத்தபின், கைப்பிடி நீக்கிய ஃபிரேமின் அடிப்பகுதியை மரத்தாலான திருப்புளிப் பிடியால் மெதுவாகத் தட்டினால், அதிர்விலேயே தகடு தானாக மேலெழும். நெம்பியவர்கள் விட்டுச்சென்ற வடு அந்த மெல்லிய இணைப்புக் கோட்டில் என்றைக்கும் மறையாது.

திறந்த சிலிண்டரை மணிக்கட்டை வெட்டி 'படார்' என்று மூடும் பழக்கம் திரைப்படங்கள் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் முழு எடையும் அதைத் தாங்கும் மெல்லிய கையின் மீது மோதுகிறது. கை வளைந்தால், அறைகள் குழலுக்கு நேராக நிற்காது. இன்னொரு கையால் தள்ளி மூடுங்கள்.

சுடுதளத்தில் நேரும் தவறுகளுக்கு விலை பணமாக மட்டும் இருப்பதில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி வழியாக, ஒவ்வொரு வெடிப்பிலும் கொதிக்கும் வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீறிடும். தானியங்கித் துப்பாக்கியில் பழகியவர்கள் துணைக் கையின் கட்டை விரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள்; மேக்னம் ரிவால்வரில் அந்த விரல் கிழிபடும். இரு கட்டை விரல்களும் சிலிண்டருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். இதே காரணத்தால், சுடுபவருக்குப் பக்கவாட்டில் நெருங்கியும் யாரும் நிற்கலாகாது.

முதன்முறை சுடும் ஒருவரிடம் ஆறு தோட்டாக்களும் நிரப்பிய .44 மேக்னத்தைக் கொடுத்து, அவர் திகைப்பதைப் பார்த்துச் சிரிப்பது மன்னிக்க முடியாத செயல். உதைப்பில் துப்பாக்கி மேலெழும்போது, அது நழுவாமலிருக்க விரல்கள் அனிச்சையாக இறுகுகின்றன. விசை மீது இருக்கும் விரலும் சேர்ந்து இறுகுவதால், இரண்டாம் தோட்டா வானை நோக்கியோ சுட்டவரை நோக்கியோ வெடித்துவிடக் கூடும். புதியவரை .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷலும், .44 மேக்னம் துப்பாக்கியில் .44 ஸ்பெஷலும் கொண்டு தொடங்க வையுங்கள். முதன்முதலாக மேக்னம் தரும்போது சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் இருக்கட்டும். ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். .357 மேக்னத்தின் வெடியொலி, ஒரே கணத்தில் செவியைப் பழுதாக்கவல்ல 140 டெசிபெல் எல்லையைத் தாண்டியது. கூரையிட்ட தளத்தில் காதுக்குள் அடைப்பானும் அதற்கு மேல் காதுமூடியும் ஆக இரண்டையும் அணிவது கட்டாயம். சுட்டு முடித்ததும் எதையும் உண்பதற்கு முன் கைகளையும் முகத்தையும் கழுவிவிடுங்கள்; ஈயத்தூசி உடலுக்குள் போவது பெரும்பாலும் கை வழியாகத்தான்.

.38 ஸ்பெஷலைப் பரிந்துரைக்கும் அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தேவை. .357 தோட்டாவின் உலோகக் கூடு, .38-இன் கூட்டைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீளமானது. .38 தோட்டாக்களை நிறையச் சுட்டால், அவற்றின் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் அறைச் சுவரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அந்த வளையத்தைத் துடைக்காமல் மேக்னம் தோட்டாவை அழுத்தி நுழைத்தால், கூட்டின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் கூடலாம். வெண்கலத் தூரிகையும் சிறிது கரைப்பானும் கொண்டு அறைகளைத் தேய்த்தால் சில நிமிடங்களில் தீரும் வேலை இது. இதன் மறுதலை மிக ஆபத்தானது: .357-ஐ .38 துப்பாக்கியில் போடக் கூடாது. அறை நேராகத் துளையிடப்பட்ட மிகப் பழைய .38 ரிவால்வர்கள் சிலவற்றில் அது நுழைந்துவிடும். நுழைகிறது என்பதாலேயே சுடலாம் என்று ஆகாது. முகம் தெரியாதவர் வீட்டில் நிரப்பிய தோட்டாக்களையும் இதே கண்டிப்போடு மறுக்க வேண்டும்.

1973-க்கு முற்பட்ட ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர் வைத்திருப்போருக்கு இது உயிர்ச் செய்தி. அந்தப் பழைய அமைப்பில், சுத்தி இறங்கிய நிலையில் துப்பாக்கி கீழே விழுந்து சுத்தி அடிபட்டால், அதன் கீழுள்ள தோட்டா வெடிக்கக் கூடும். ஆகவே ஐந்து தோட்டாக்கள் மட்டும் நிரப்பி, வெற்று அறையின் மீதே சுத்தியை இறக்கி வைக்க வேண்டும். ரூகர் நிறுவனம் இத்துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்பு மாற்றத்தை இலவசமாகவே செய்து, கழற்றிய மூலப் பாகங்களையும் திருப்பி அனுப்புகிறது. சேகரிப்பு மதிப்புக் குறையுமே என்று தயங்க இதில் எதுவுமில்லை.

பிற மாநிலத்தவரிடமிருந்து வாங்குவோர், கைத்துப்பாக்கியை நேருக்கு நேர் கைமாற்ற அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். வாங்குபவரின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே அது வர வேண்டும். 50 ஆண்டுகள் கடந்த துப்பாக்கிகளுக்கெனத் தனிச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு. மாநிலச் சட்டங்கள் அதையும் கட்டுப்படுத்தலாம் என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

கடைசியாக, பாதுகாக்கும் முறை. தோல் உறைக்குள் வைத்தே பெட்டியில் பூட்டுவது பரவலான தவறு. பதனிட்ட தோலின் ஈரமும் உப்பும் சில மாதங்களில் மெருகின் மீது துருப் புள்ளிகளாக மாறும். நிக்கல் பூசியவற்றில் அம்மோனியா கலந்த கரைப்பானை ஊற விட்டால் பூச்சு உரியலாம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள், குழந்தைகள் திறக்க முடியாத இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்குத் தனியிடம் ஆகியவை போதும். விலை ஏறுகிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் தொடாமலே வைத்திருப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். பெட்டியும் தாள்களும் சிதையாத, ஒருமுறைகூடச் சுடப்படாத அரிய துப்பாக்கிகளை விட்டுவிடலாம். மற்றவற்றில் பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகி இயக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சில முறையேனும் .38 ஸ்பெஷல் பெட்டி ஒன்றோடு சுடுதளத்துக்கு எடுத்துச் சென்று, திரும்பியதும் அறைகளைத் துடைத்து, புதிய எண்ணெய் தடவி வையுங்கள்.