பேட்டிங் ஃபார்ம் போயிடுச்சா? லெதர் பால், டென்னிஸ் பால் கிரிக்கெட் ரெண்டும் ஆடுற கேரளா-தமிழ்நாடு பார்டர் பக்கத்து ஆளுங்களுக்கு

நாலு மேட்ச்சா சிங்கிள் டிஜிட்லயே அவுட் ஆயிட்டு இருக்கீங்கன்னா உடனே ஸ்டான்ஸ மாத்தி, கிரிப்ப மாத்தி, புது பேட்டுக்கு காசு சேக்க ஆரம்பிச்சுடாதீங்க. வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடுறவங்களுக்கு நாலு மேட்ச்னா ஒரு மாசம், ஆனா அந்த மாசம் பூரா நீங்க ஆடினது முப்பது பந்து கூட இருக்காது, அதை வச்சு பேட்டிங்கே மறந்துபோச்சுன்னு முடிவு பண்ண முடியாதுங்க. இந்தியா டீம்ல ஆடுற நம்ம கேரளாக்காரர் சஞ்சு சாம்சன எடுத்துக்கோங்க, 2024 நவம்பர்ல சவுத் ஆப்பிரிக்காவோட டி20 சீரிஸ்ல, டர்பன்ல 107, அடுத்த ரெண்டு மேட்ச்லயும் டக்கு, நாலாவது மேட்ச் ஜோகன்னஸ்பர்க்ல நாட் அவுட் 109. எல்லாம் எட்டே நாளுக்குள்ள. நடுவுல ரெண்டு டக்கு அடிச்சதுக்காக அவரு பேட்டிங்க முதல்ல இருந்து கத்துக்கிட்டு வரல.

அதனால முதல் வேலை, கடைசி ஆறேழு தடவை எப்படி அவுட் ஆனீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஸ்கோர்புக்ல கேட்ச், போல்டுன்னு மட்டும்தான் இருக்கும், அது பத்தாது. எந்த எண்ட்ல நின்னீங்க, இன்னிங்ஸ்ல எத்தனாவது பந்து, என்ன ஷாட்ட மனசுல வச்சு போனீங்க, லெதரா டென்னிஸா, காத்து எங்கிருந்து அடிச்சுது, எல்லாம் எழுதுங்க. எழுதி முடிச்சா நிறைய பேருக்கு ஒரே மாதிரி அவுட்டு ரெண்டோ மூணோ நிக்கும், சரி பண்ண வேண்டியது அது மட்டும்தான். எல்லாமே வேற வேற மாதிரி இருந்தா, நேரம் சரியில்லன்னு விட்டுட்டு அடுத்த மேட்ச் ஆடுங்க.

பாலக்காடு ஜில்லாவுல பார்டர ஒட்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஆடுறவங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, இதை யாரும் சொல்லித்தர மாட்டேங்குறாங்க. சனிக்கிழமை பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கம் போயி மேட் போட்ட பிட்ச்ல லெதர் பால் ஆடுறோம், ஞாயித்துக்கிழமை அறுப்பு முடிஞ்ச வயல்ல சேட்டன்மாரோட டென்னிஸ் பால் டோர்னமெண்ட். சாதா டென்னிஸ் பால் 58 கிராம் பக்கம், லெதர் பால் 156ல இருந்து 163 கிராம். லேசான பந்து காத்துல சீக்கிரம் வேகம் குறைஞ்சுடும், தரையில பட்டு எழும்பி நின்னு வரும், லெதர் அப்படி இல்ல, வந்த வேகத்துல உள்ள வந்துடும். அதனால டென்னிஸ் நிறைய ஆடிட்டு லெதருக்கு போனா பேட்டு லேட்டா வருது, போல்டு எல்பிடபிள்யூ. லெதர் ஆடிட்டு டென்னிஸுக்கு வந்தா பேட்டு முன்னாடியே போயிடுது, பந்து மேல எழும்பி மிட் ஆஃப்ல ஈஸி கேட்ச். பேட்டும் மாறுது, டென்னிஸுக்கு ஆயிரம் கிராமுக்குள்ள லேசா ஒண்ணு, லெதருக்கு 1150, 1200 கிராம்னு ஒண்ணு. கைக்கு ரெண்டு விதமான டைமிங் சொல்லிக்குடுத்துட்டு ஃபார்ம் போச்சுன்னு அழுவுறோம். இதான் காரணம்னு நோட்டுல தெரிஞ்சா, ஒரு மாசத்துக்கு ஏதாவது ஒண்ண மட்டும் ஆடுங்க, டீம்ல கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. அது முடியாதுன்னா மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த பந்துல அந்த பேட்டுலயே அம்பது த்ரோடவுன் (ஃபிரெண்டு கிட்ட நின்னு கையால எறியிற பந்து) வாங்கிட்டு போங்க.

அப்புறம் காத்து. பாலக்காட்டு கணவாய் வழியா டிசம்பர், ஜனவரியில கிழக்க இருந்து அடிக்கிற காத்த பத்தி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல, கரும்பனை ஓலை நாள் பூரா சலசலத்துக்கிட்டே இருக்கும். வெயில் கண்ணுல அடிக்கக்கூடாதுன்னு பிட்ச்ச பெரும்பாலும் வடக்கு தெக்காதான் போடுறாங்க, அப்போ காத்து குறுக்க வருது. நீங்க ரைட் ஹேண்டர், வடக்கு எண்ட்ல நிக்கிறீங்கன்னா கிழக்கு காத்து பந்த ஆஃப் சைடு பக்கம் தள்ளிக்கிட்டு போகும், லெக் சைடுல தூக்கி அடிச்சா எதிர்காத்துல பந்து செத்து டீப் மிட்விக்கெட் கைல விழும். தெக்கு எண்ட்ல அப்படியே உல்டா, பந்து உள்ள வரும், லெக் சைடுல தூக்கினா காத்தே கொண்டுபோயி விடும். டென்னிஸ் பால்ல இது ரொம்ப பெரிய வித்தியாசம். ஸ்லாக் பண்ணி மாட்டுனது எல்லாம் வடக்கு எண்டான்னு நோட்டுல பாருங்க.

பிராக்டிஸுக்கு நெட்டு, கோச்சு எல்லாம் தேட வேண்டாம். ஒரு சாக்பீஸ தூளாக்கி டென்னிஸ் பால்ல நல்லா தேச்சு, ஃபிரெண்ட பதினஞ்சு அடி தூரத்துல இருந்து மெதுவா போடச்சொல்லி, நேரா மட்டும் தட்டுங்க. பத்து பந்துக்கு ஒருக்கா பேட்ட திருப்பி வெள்ளை அச்சு எங்க விழுந்திருக்குன்னு பாருங்க. அடிநுனியில விழுந்தா பந்துக்கு நீங்க எட்டி போறீங்க, தலையும் முன்னங்காலும் போயி சேரல. வெளி ஓரத்துல விழுந்தா பேட்டு குறுக்க வருது, மேல் கை லூஸா இருந்து கீழ் கை இழுக்குது. கீழ் கைல கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிமானமா வச்சு இருபது பந்து ஆடிப்பாருங்க, அச்சு நடுவுக்கு வர்றது கண்ணுக்கே தெரியும். ரன்னு வராத நேரத்துல கை தன்னால இறுக்கிப் பிடிக்கும், நகம் வெளுத்து நிக்கும், பந்து வர்றதுக்கு முன்னாடி ஒருதடவை விரல விட்டு பிடிங்க.

எந்த ஷாட்டுல திரும்பத் திரும்ப போறீங்களோ அதை மூணு மேட்ச்சுக்கு மூட்டை கட்டி வைங்க. டெண்டுல்கர் 2003-04 ஆஸ்திரேலியா டூர்ல 0, 1, 37, 0, 44ன்னு ஆடிட்டு, சிட்னியில கவர் டிரைவே வேண்டாம்னு ஒதுக்கி வச்சு 436 பந்து நின்னு நாட் அவுட் 241 அடிச்சாரு. அவருக்கே ஒரு ஷாட்ட விடலாம்னா நமக்கு என்ன.

நாப்பது வயசு பக்கம் வந்துட்டீங்கன்னா ஒருக்கா கண்ண டெஸ்ட் பண்ணிடுங்க, சாயங்கால மேட்ச்ல மட்டும் பந்து லேட்டா தெரியுதுன்னா கண்டிப்பா. ஏப்ரல்ல மத்தியான மேட்ச்னா காலைல இருந்தே உப்பு போட்ட மோர் குடிச்சுட்டே இருங்க.

மேட்ச் அன்னைக்கு கேப்டன்கிட்ட ஓப்பனா பேசிடுங்க, "அண்ணா, ரெண்டு மேட்ச் கீழ இறங்கிக்கறேன்"னு கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. உள்ள போனதும் முதல் பத்து பந்துக்கு ரன்ன மறந்துடுங்க. ஸ்டம்புல வர்றத நேரா தட்டுறது, வெளிய போறத விடுறது, கிட்ட ஃபீல்டர் இல்லாத பக்கம் தள்ளி ஒண்ணு ஓடுறது, அவ்ளோதான். அஞ்சு ஓவர் மேட்ச்ல பத்து பந்து கிடைக்காதேம்பீங்க, நாலு பந்தாவது குடுங்க. வெளிய நின்னு "அடிச்சு களிடா"ன்னு (அடிச்சு ஆடுடான்னு) கத்துறவங்க கத்தட்டும். அவுட் ஆனாலும் சரி, அடிச்சாலும் சரி, கால் பேடு கழட்டின உடனே நோட்ட எடுத்து எத்தனை பந்து நடு பேட்டுல பட்டுச்சுன்னு எழுதுங்க, அந்த நம்பர் மூணு மேட்ச்சா ஏறிக்கிட்டு வந்தா மூட்டை கட்டின ஷாட்ட அவுத்துக்கலாம், அதையும் செட் ஆனதுக்கு அப்புறம், காத்து துணையா இருக்குற எண்ட்ல.