மென்பொருள்: 0 ரூபாய்

கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரிகளுக்கும் இலை ஏஜெண்டுகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஈஆர்பிநெக்ஸ்ட், லிபரே ஆஃபிஸ் என்று நான் போடுவதெல்லாம் திறந்த மூலம், அதாவது எழுதிய நிரலை யாரும் பார்த்து, மாற்றி, காசில்லாமல் பயன்படுத்தலாம். "சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்கு தம்பி பில்லு?" என்று கேட்காத முதலாளி இல்லை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்குங்கள்.

என் பில்லின் முதல் வரியே 'மென்பொருள்: 0 ரூபாய்' என்றுதான் இருக்கும். கீழே நிறுவிய கூலி, ஆள் பழக்கிய கூலி, தமிழில் ரசீது அமைத்தது, ஆண்டுப் பராமரிப்பு. மறைக்காமல் எழுதினால் பேரம் குறைகிறது. பராமரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் ஒரு தடவை வரும் காசு. அடுப்பு எரிவது இதில்தான்.

உரிமத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். திறந்த மூலத்தில் பலரும் பயன்படுத்தும் ஜிபிஎல் என்ற உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. அந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் என்ற தன் உரைத் தொகுப்பு மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். மாற்றி எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்தால் மூல நிரலும் அதே உரிமத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டும். எழுதியவர் பெயரைச் சுரண்டிவிட்டு உங்கள் பெயரை ஒட்டாதீர்கள்.

திருத்தங்களைப் பதுக்கவும் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தராசு காட்டும் எடையைக் கணினிக்குக் கொண்டுவரும் சின்ன நிரல் ஒன்று. வெளிநாட்டில் யாரோ ஒருவர் வேலை முடிந்த பிறகு ராத்திரியில் எழுதுவது. எங்கள் தராசுகளின் புள்ளிக்குப் பிந்தைய எண்ணை அது விழுங்கிவிடும். என் பிரதியில் மட்டும் சரிசெய்து, தொழில் ரகசியம் என்று கமுக்கமாக இருந்தேன். ஒருநாள் புதிய பதிப்பைப் போட்டேன், என் திருத்தம் அடிபட்டுப் போனது. மறுநாள் இலை எடுக்கும் ஷெட்டில் ஒரு அக்கா சீட்டை நீட்டினார்: "தராசுல 23.6ன்னு பாத்தேனே, சீட்டுல 23 இருக்கு. 600 கிராம் எங்க சாமி?" அன்று வந்த அத்தனை சீட்டையும் இருட்டும்வரை கையால் திருத்தினேன். அந்த வாரமே திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பினேன். நிரலை எழுதியவர் இரண்டு இடத்தில் மாற்றச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார். இப்போது ஒவ்வொரு பதிப்பிலும் அது தானாகவே வருகிறது.

பராமரிப்புத் தொகை கைக்கு வந்ததும் நூற்றுக்குப் பத்தை எடுத்து வைக்கிறேன். அது நிரல் எழுதுபவர்களுக்கு. கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், ஓப்பன் கலெக்டிவ் என்ற இணையதளங்கள் வழியாக அனுப்பலாம். பெரிய திட்டங்களைவிடத் தனியாளாய் மாரடிப்பவருக்கே முதல் பங்கு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலைத் தனியாகச் சுமந்து களைத்திருந்தவரிடம் உதவ வந்தவர்போல் நுழைந்த ஆள்தான், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய அதில் பின்கதவு வைத்தான். 2024இல் அது அம்பலமானது.

ஆனால் அனுப்புமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். தராசு நிரல்காரருக்கு நான் எழுதியபோது, பணம் வேண்டாம், உங்கள் ஊர்த் தராசுகள் அனுப்பும் அளவுகளைப் பதிந்து தர முடியுமா என்றார். கட்டபெட்டில் இரண்டு, கீழ்க்கோத்தகிரியில் ஒன்று என்று மூன்று தராசின் பதிவுகளை அனுப்பினேன்.