இணையவழிப் பாடத்தில் மாணவர் ஊக்கத்தைத் திட்டமிடும் முறை

இணையவழிப் பாடத்தை வடிவமைக்கும் ஆசிரியர், எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று தேடுவதற்கு முன், மாணவர் எந்த இடத்தில் ஆர்வம் இழக்கக்கூடும் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் கெல்லர் 1980களில் முன்வைத்த ஏ.ஆர்.சி.எஸ். (ARCS) என்னும் ஊக்க மாதிரி இதற்குத் துணைசெய்யும். கவனம் (Attention), பொருத்தம் (Relevance), தன்னம்பிக்கை (Confidence), மனநிறைவு (Satisfaction) ஆகியவற்றை அது ஆராயச் சொல்கிறது.

கவனத்தை ஈர்க்க விடை தெரியாத ஒரு நல்ல கேள்வியே போதும். அசையும் படங்கள் பெரும்பாலும் வீண் அலங்காரமே. பொருத்தம் புலப்பட, பாடத்தின் பயனை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தன்னம்பிக்கைக்குத்தான் மிகுந்த உழைப்பு தேவை. முதல் பயிற்சியை முயன்றால் முடிக்கக்கூடிய அளவில் அமைத்து, மதிப்பெண் வழங்கும் முறையை முன்கூட்டியே தெரிவித்து, தவறான விடைக்குச் சிவப்புக் குறியோடு நின்றுவிடாமல், எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று சுட்டும் பின்னூட்டத்தை ஒவ்வொரு வினாவுக்கும் எழுதுங்கள்.

மனநிறைவுக்காகத் தரும் புள்ளிகளையும் பதக்கங்களையும் அளவோடு பயன்படுத்துங்கள். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்டிருந்த சிறுவர்களுள், பரிசு கிடைக்கும் என்று முன்பே அறிந்து வரைந்தவர்களுக்குப் பின்னர் அதில் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அக்குறைவு தென்படவில்லை.

பாடத்தை வெளியிடுமுன் சில மாணவரிடம் கொடுத்து, அவர்கள் தயங்கி நிற்கும் பக்கங்களை முதலில் திருத்துங்கள்.