‘கிரிட்டிக்கல் பாத்’ என்றால் ஆபத்தான வேலை அல்ல

“ஆள் கிரிட்டிக்கல்” என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகிவிட்டோம். அதனால் வேலை அட்டவணையில் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று கண்டதும் ஆபத்தான வேலை, இல்லாவிட்டால் காசு கூடப் போகும் வேலை என்று எடுத்துக்கொள்கிறோம். கட்டட வேலையில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘கிரினெய்ன்’ என்றால் பிரித்தறிவது, தீர்ப்புச் சொல்வது. அதில் பிறந்தது ‘கிரிசிஸ்’. நோய் தேறுமா முற்றுமா என்று முடிவாகும் கட்டத்தை அந்தக் கால வைத்தியர்கள் அப்படி அழைத்தார்கள். ஆக, ஆஸ்பத்திரியிலும் அதன் பழைய பொருள் தீர்மானம்தான். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று வேலைகள் தொடர் தொடராக வரும்; முழு வேலையும் முடியும் நாளை எந்தத் தொடர் தீர்மானிக்கிறதோ, அதுவே கிரிட்டிக்கல் பாத். விமர்சகரைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’கும் இதே வேர்தான், அதற்காக ‘விமர்சனப் பாதை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்துப் பௌதிகவியலில் ‘கிரிட்டிக்கல் ஆங்கிள்’ என்பதை ‘அவதிக் கோணம்’ என்று படித்தோமே, அங்கே அவதி என்பது எல்லை. அதே அச்சில் ‘அவதிப் பாதை’ என்று சொல்லலாம்தான். ஆனால் மேசனார் அதைக் கஷ்டமான வேலை என்றே விளங்கிக்கொள்வார். நான் ‘தீர்மானப் பாதை’ என்றே சொல்கிறேன்.

பெயர் வைத்தது யார் என்பதிலும் பிசகு உண்டு. 1957 அளவில் இந்தப் பாதையைக் கண்டு வேலையைத் திட்டமிடும் முறையை உருவாக்கியவர்கள் டியூபொன்ட் கம்பனியின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும். பெயரோ, அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் ‘பேர்ட்’ (PERT) என்ற இன்னொரு திட்டமிடல் முறையை உண்டாக்கியவர்களுடையது. கெல்லியே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

சரி, களுவாஞ்சிகுடியில் ஒரு மாடிவீடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடாவியார் செய்யும் தேக்கங்கதவுக்குக் காசு கூட. ஆனால் பூச்சு முடியும்வரை அது பட்டறையிலேயே கிடக்கலாம். ஒரு கிழமை பிந்தினாலும் குடிபுகும் நாள் அசையாது. கொங்கிறீட் தட்டு அப்படியில்லை. ஊற்றிய பிறகு ஈரச்சாக்கை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, முட்டுக்கம்புகளைக் கழற்றாமல் காத்திருக்கிறோமே, அந்த நாள்களில் பெரிய செலவில்லை, ஆள்கூலியும் குறைவு. ஆனால் முட்டுக் கழற்றினால்தான் கீழே பூச்சு தொடங்கும். தட்டு ஊற்றுவது மழையால் 3 நாள் தள்ளிப்போனால் குடிபுகுதலும் 3 நாள் தள்ளிப்போகும்.

பெயரில் ‘பாத்’ இருப்பதால் குறுக்குவழி என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அட்டவணையிலேயே ஆக நீளமான தொடர் இதுதான். அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. பூச்சு முடிந்த பிறகும் ஓடாவியார் இழுத்தடித்தால், அந்தக் கதவே தீர்மானப் பாதைக்குள் வந்துவிடும்.